எலும்பு சொல்லும் வயதும் ஏடு சொல்லும் வயதும்

வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் சங்க வேலையாக லயம் லயமாகப் போகிறபோது தாய்மார்கள் நம்மிடம் கேட்கிற கேள்விகளில் ஒன்று: "கேஸ் என்று சொல்லிப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், கையையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கிறார்களே, அந்தக் கதிர் பிள்ளையின் உடம்பைக் கெடுத்துவிடாதா?" கேட்கிறவர்கள் படிக்காதவர்கள் என்று இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. படித்த தேசங்களின் பார்லிமெண்டுகளில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. மருத்துவ நிபுணர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். ஆகவே இதற்கு நேரான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம்முடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கதிரால் வரக்கூடிய கேடு சிறிது. அதையும் கவனமாக இருந்தால் இன்னும் குறைக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்து எழுதப்படுகிற வயதால் வரக்கூடிய கேடு பெரிது. அது ஒரு குழந்தையின் வாழ்க்கையையே திருப்பிவிடும். இந்த இரண்டாவது கேட்டுக்கு மருந்து ஆஸ்பத்திரியில் கிடையாது, பஞ்சாயத்து அலுவலகத்தின் பிறப்புப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

பரிசோதனை என்பது என்ன?

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே எலும்பே இல்லாததுபோல் தெரியும். எல்லாம் குருத்தெலும்பு, அது படத்தில் விழாது. வயது ஏற ஏற மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. நீண்ட எலும்புகளின் முனையில் தனித் தொப்பிபோல ஒரு துண்டு இருக்கும். அதற்கும் எலும்புக்கும் நடுவே உள்ள குருத்து வளர்கிறவரையில் பிள்ளையும் வளரும். பருவம் முடிகிறபோது அந்த இடைவெளி அடைத்து இரண்டும் ஒன்றாகிவிடும். முழங்கையில் முதலில் அடைக்கிறது. மணிக்கட்டில் அதன் பின்னர். இடுப்பு எலும்பின் விளிம்பில் அதற்கும் பின்னர். காறை எலும்பின் உள்முனையிலோ இருபது வயதைத் தாண்டித்தான். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இவை முன்னதாகவே நடந்துவிடும்.

இந்தப் படத்தை ஒரு மாதிரிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, "இந்த எலும்பு இத்தனை வயதுப் பிள்ளையின் எலும்பைப்போல் இருக்கிறது" என்று சொல்வதுதான் எலும்பு வயது. பிள்ளை ஏன் வளரவில்லை, தைராய்டு குறைவா, வளர்ச்சிச் சுரப்பு குறைவா என்று கண்டுபிடிக்கக் குழந்தை வைத்தியர்களுக்கு இது பெரிய துணை. அங்கே வைத்தியருக்குப் பிறந்த தேதி முன்பே தெரியும். தெரிந்த வயதுக்கும் எலும்பின் வயதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. ஆக, ஒரே தேதியில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு எலும்பு வயது வெவ்வேறாக இருக்கலாம் என்ற உண்மையின்மேல்தான் இந்தப் பரிசோதனையே நிற்கிறது. கோர்ட்டும் குடியேற்ற அதிகாரியும் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எலும்பிலிருந்து பிறந்த தேதியைக் கறக்கப் பார்க்கிறார்கள்.

கதிரின் கேடு எவ்வளவு?

நாம் மூச்சு விடுகிற காற்றிலும் மிதிக்கிற மண்ணிலும் இயற்கையாகவே கதிரியக்கம் உண்டு. உலகச் சராசரிக்கு ஒரு மனிதன் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் அளவு இவ்வாறு பெறுகிறான். கொல்லம் பக்கத்துச் சவறா, கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதால் இது பல மடங்கு அதிகம். ஒரு பிள்ளையின் கையையும் மணிக்கட்டையும் மட்டும் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்தால் உடம்புக்குச் சேரும் அளவு, ஒரு மணி நேரத்தில் இயற்கை தருவதைவிடக் குறைவு. ஆகவே குழந்தை வைத்தியர் கைப்படம் எடுக்கச் சொன்னால் பயந்து ஓட வேண்டியதில்லை என்று தாய்மார்களுக்குத் திடமாகச் சொல்லலாம்.

ஆனால் வழக்குக்காக எடுக்கிறபோது கையோடு நிற்பதில்லை. முழங்கை, தோள், இடுப்பு என்று போகும். இடுப்புப் படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.6 மில்லிசீவர்ட், இது மூன்று மாத இயற்கைக் கதிருக்குச் சமம். அது விழுகிற இடமோ கருப்பையும் விதையும் இருக்கும் இடம். ஜெர்மனி போன்ற நாடுகளில் காறை எலும்புக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள், கைப்படத்தோடு ஒப்பிட்டால் அதன் அளவு மிக மிக அதிகம். வளர்கிற உடம்பைக் கதிர் அதிகம் பாதிக்கும் என்பதும், ஒருமுறை பட்டதன் கணக்கு அழிந்துபோவதில்லை என்பதும் வைத்திய நூல்கள் சொல்வதே. படம் சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுத்தால் கணக்கும் அப்படியே ஏறும்.

கதிர்ப் பாதுகாப்புக்கு உலகம் ஒப்புக்கொண்ட முதல் விதி, பலன் இல்லாமல் யாருக்கும் கதிர் கொடுக்கக்கூடாது என்பது. வைத்தியத்துக்கு எடுத்தால் பலன் குழந்தைக்கு. காய்ச்சலோ முறிவோ இல்லாத பிள்ளையை, சர்க்காருக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும் என்பதற்காகக் கதிரின் முன் நிறுத்தினால் பலன் யாருக்கு? அளவு எத்தனை சிறிதானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தின் பொத்தானை அழுத்த வேண்டும்.

யாருடைய எலும்பு அளவுகோல்?

உலகெங்கும் அதிகமாகப் புரட்டப்படுகிற மாதிரிப் புத்தகம் கிரூலிக், பைல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1950-இல் வெளியிட்டது. 1959-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் உள்ள படங்கள் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்தில் 1930-களிலும் 40-களிலும் வளர்ந்த, வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைகள். பாலும் முட்டையும் குறைவில்லாமல் சாப்பிட்ட கைகள். அதைத் தொகுத்தவர்கள் ஏழை நாட்டுப் பிள்ளையின் வயதைக் கோர்ட்டில் நிரூபிப்பதற்காக அதைத் தொகுக்கவில்லை. நம் நாட்டில் கால்ஸ்டான் என்ற ஆய்வாளர் 1937-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. அதுவும் வங்காளப் பிள்ளைகளை வைத்து எடுத்தது.

சத்தில்லாத சாப்பாடு, ரத்தசோகை, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை எலும்பின் வளர்ச்சியைப் பின்தள்ளும். கொழுந்துக் கூடையின் கூலியில் வளர்கிற பதினேழு வயதுப் பையனின் எலும்பு பதினைந்து என்று காட்டலாம். பருவம் சீக்கிரம் வந்த பதினைந்து வயதுப் பெண்ணின் எலும்பு பதினேழு என்று காட்டலாம். மணிக்கட்டில் எல்லாம் அடைத்துவிட்ட பிறகு அந்தப் படம் ஒன்றும் பேசாது. பதினெட்டா, இருபத்தைந்தா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. நம் உச்சநீதிமன்றமே 1982-இல் ஜெயமாலா வழக்கில், எக்ஸ்ரே சொல்லும் வயதில் இரண்டு பக்கமும் இரண்டு வருடம் பிழை இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. இரண்டும் இரண்டும் நான்கு வருடம். எட்டாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் உள்ள தூரம் அது. சட்டமோ பதினெட்டு என்ற ஒற்றைக் கோட்டில் நிற்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் குழந்தை, அந்தப் பக்கம் போனால் குற்றவாளி.

கடல் கடந்து போன நம்மவர் கதை

நாம் பிழைப்புக்காக மலையேறியவர்கள். கடலேறிப் போனவர்களுக்கு நேர்ந்ததையும் தெரிந்துகொள்வது நல்லது. 1979 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் பத்திரிகை, ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓர் இந்தியப் பெண்ணைக் கன்னிப் பரிசோதனை என்ற பெயரில் அவமானப்படுத்தியதை அம்பலமாக்கியது. அதன் தொடர்ச்சியாக இன்னொரு செய்தியும் வெளியே வந்தது. பிரிட்டனில் வேலை செய்யும் தகப்பனோடு சேர்வதற்கு மனுப் போட்ட நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளை, டாக்கா முதலிய இடங்களிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்கள் எக்ஸ்ரே எடுத்து, "நீ சொல்கிற வயது பொய்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. வைத்தியம் எதுவுமில்லை, வடிகட்டல் மட்டுமே.

எதிர்ப்புக் கிளம்பியதும் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி ஹென்றி எல்லோலீஸ் விசாரணை நடத்தி, 1980-இல் இந்தப் பரிசோதனை ஓரளவு சரியானது, ஆபத்து மிகக் குறைவு என்று அறிக்கை கொடுத்தார். வைத்தியர்களிலேயே பலர் அதை ஏற்கவில்லை. பிழை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, நோயில்லாத பிள்ளைக்குக் கதிர் கொடுப்பது தொழில் தர்மமா என்று கேட்டார்கள். கடைசியில் 1982-இல் உள்துறை மந்திரி வில்லியம் வைட்லா இந்தப் பழக்கத்தை நிறுத்தினார்.

நிறுத்தியது நிரந்தரமாக அல்ல என்பதையும் கவனியுங்கள். நாற்பது வருடம் கழித்து 2022-இல் அதே பிரிட்டன் புதிய குடியேற்றச் சட்டம் போட்டது. 2024 ஜனவரியில் எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ. படமும் வயதறியும் முறைகளாக விதிகளில் மறுபடி நுழைந்தன. நியாயமான காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பே விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மைக்கு எதிராக எண்ணப்படும் என்றும் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். மறுத்தால் தண்டனை என்ற நிலையில் பெறுகிற சம்மதம் சம்மதமாகுமா?

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் கொடுமை. அகதிகளை ஏற்றிவந்த படகுகளில் சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் வந்த இந்தோனேசிய ஏழைப் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, "பெரியவர்கள்" என்று முத்திரை குத்திப் பெரியவர்களின் சிறையில் அடைத்தார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, இந்த முறை வயதைக் காட்ட உதவாது என்றும் குழந்தைகள் சிறையில் வாடினார்கள் என்றும் விரிவாக எடுத்துச் சொன்னது. 2022-இல் மேற்கு ஆஸ்திரேலிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேருடைய தண்டனையை ரத்து செய்தது. பத்து வருடங்களுக்கும் மேலான வாழ்க்கை அதற்குள் போய்விட்டது. அவர்களுக்குக் கதிரால் ஒன்றும் ஆகவில்லை. படத்தின் கீழே எழுதிய ஒரு வரியால் எல்லாம் ஆயிற்று.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு ஒரு வரிசை போட்டிருக்கிறது. முதலில் பள்ளிக்கூடம் தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்றிதழ். இவை இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. அதுவும் குழந்தைகள் நலக் குழுவோ சிறார் நீதிக் குழுமமோ உத்தரவிட்டால்தான். உத்தரவு போட்ட 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். இந்த வரிசை நல்ல வரிசை. ஆனால் பணக்காரன் வீட்டுப் பிள்ளை முதல் படியிலேயே நின்றுவிடும். தோட்டத்துப் பிள்ளை கடைசிப் படிவரை உருண்டு போகும். எக்ஸ்ரே மேஜையில் படுக்கிற பிள்ளைகள் எந்த வர்க்கத்துப் பிள்ளைகள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே நம் மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் 94-ஆவது பிரிவு கேட்கிற பிறந்த தேதிச் சான்றிதழ் ஆகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. காகிதம் தள்ளுபடியானதும் மிஞ்சியது எலும்புப் படம். அது அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டிலிருந்து இருபது என்றது. போக்சோ தண்டனை நிற்கவில்லை. அந்த வழக்கின் மற்ற நியாயங்களுக்குள் நாம் போகவில்லை. நம் லயங்களில் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் காகிதம் பெரும்பாலும் அந்த டி.சி. ஒன்றுதான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். ஆதார் அட்டை இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆதார் பிறந்த தேதிக்கு அத்தாட்சியாகாது என்று 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிழைக் கணக்கு எப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதையும் பாருங்கள். எலும்பு பதினாறிலிருந்து பதினெட்டு என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் சாட்டப்பட்டவன் ஒரு சிறுவனானால் சந்தேகத்தின் பலன் அவனுக்கு. கீழ் வயதைப் பார்த்து அவனைக் குழந்தை என்கிறார்கள். அது நியாயம். பாதிக்கப்பட்டவள் ஒரு சிறுமியானால் சந்தேகத்தின் பலன் அவளைக் கெடுத்தவனுக்கு. 2024 ஜூலையில் டில்லி உயர்நீதிமன்றம், போக்சோ வழக்குகளில் மேல் வயதை எடுத்துக்கொண்டு அதற்கு மேலும் இரண்டு வருடப் பிழையைக் கூட்ட வேண்டும் என்றது. பதினெட்டும் இரண்டும் இருபது. அவள் குழந்தையே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒரே எலும்பு, ஒரே படம். சட்ட அறிஞர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தெரியும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பது பழைய நீதி என்பார்கள். நாம் அதை மறுக்கவில்லை. அந்தச் சந்தேகமே எழாதபடி செய்திருக்க வேண்டிய ஒரு காகிதம் அந்தச் சிறுமியிடம் ஏன் இல்லை என்பதுதான் நம்முடைய கேள்வி.

காகிதம் ஏன் இல்லை?

திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிவந்த காலத்தில் வயது என்பது ஆள் பிடிக்கிறவனின் கண்ணளவு. இந்தக் கண்ணளவு வெள்ளைக்காரன் தேசத்திலிருந்து வந்த சரக்கு. 1833-இல் பிரிட்டனில் பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பிறப்புப் பதிவு இல்லாததால், 1837-இல் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாம் என்று பார்லிமெண்டுக்கு எழுதினார். உழைப்பாளியின் பிள்ளையிடம் காகிதம் கேட்பதைவிட அதன் வாயைத் திறந்து பார்ப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பரிசோதனை இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று வாத்தியார் பெயர் எழுதிக்கொள்வார். ஏதாவது ஒரு தேதி போடுவார். அந்தத் தேதிதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்வரை வரும், பென்ஷன்வரை வரும். ரயில்வேயில் வேலை பார்க்கிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிறந்த வருடம் மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு ஜூலை 1 என்று போட வேண்டும் என்பது எங்கள் இலாகாவின் விதி. ஜூலை முதல் தேதியில் பிறந்தவர்களாக எத்தனையோ பேர் சர்வீஸ் ரிஜிஸ்தர்களில் நிரம்பியிருக்கிறார்கள். பிறந்த நாளைக் கொண்டாட அல்ல, ரிடையர் ஆவதற்காகவே அவர்களுக்கு ஒரு பிறந்த நாள்.

ரயில் தண்டவாளமே இல்லாத நம் இடுக்கி மாவட்டத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். பிள்ளை பிறப்பது பெரியாற்றங்கரைத் தோட்டத்தில். தாயின் முதல் பிரசவமானால் கம்பத்திலோ கூடலூரிலோ தாத்தா வீட்டில். படிப்பது ஒரு மாநிலம், பெயர் எழுதுவது இன்னொரு மொழி. தகப்பன் பெயர் இங்கே ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீருமேடு தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது குடும்பங்கள் மலை இறங்கிச் சிதறின. லயத்தை விட்டுப் போகிறவன் பாத்திரம் பண்டத்தைக் கட்டுவான். தோட்டத்து ஆபீசில் கிடக்கிற ஏட்டையா கட்டிக்கொண்டு போவான்?

ஆனால் தோழர்களே, இது வெறும் அறியாமையால் வந்த வினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் படியுங்கள். அது தோட்டங்களுக்கென்றே போட்ட பிரிவு. தேயிலை, காப்பி, மிளகு, ரப்பர், ஏலம் விளைகிற தோட்டத்தில் ஒரு பிறப்பு நேர்ந்தால், அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் அந்தத் தோட்டத்தின் சூப்பிரண்டு. மானேஜர் என்று அழைத்தாலும் வேறு எந்தப் பெயரில் அழைத்தாலும் அவரே பொறுப்பு. எத்தனை கிலோ கொழுந்து வந்தது என்று அந்தி சாய்வதற்குள் கணக்கு முடித்துவிடுகிற ஆபீசுகளுக்கு, லயத்தில் ஒரு பிள்ளை பிறந்ததை எழுதி அனுப்பச் சட்டமே கட்டளை இட்டிருந்தது. அதை மீறியவருக்கு அன்றிருந்த தண்டனை 50 ரூபாய்வரை அபராதம். ஒரு பிள்ளையின் வயதுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

எதிர்வாதத்துக்கு விடை

"அப்படியானால் எலும்புப் பரிசோதனையையே தடை செய்துவிடலாமே" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. காகிதமே இல்லாத பையனைப் போலீஸ் பத்தொன்பது என்று எழுதிப் பெரிய ஜெயிலுக்கு அனுப்புகிற இடத்தில், அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அவன் எலும்பாக இருக்கலாம். ஓட்டலிலோ வீட்டுவேலையிலோ பிடிபட்ட பிள்ளையை "பதினைந்து முடிந்துவிட்டது" என்று முதலாளி சாதிக்கிறபோதும் அப்படியே. தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கப் பிரிட்டன் பயன்படுத்திய கருவியும், ஜெயிலிலிருந்து பிள்ளையை மீட்க நம் வக்கீல் பயன்படுத்தும் கருவியும் ஒன்றுதான். ஆகவே கருவியை உடைப்பது நம் கோரிக்கை அல்ல. அது கடைசிச் சாட்சியாக இருக்கட்டும், பிழையோடு கூடிய சாட்சியாக இருக்கட்டும், பிள்ளைக்குத் துணையாக வருகிற சாட்சியாக இருக்கட்டும் என்பதே நம் கோரிக்கை.

"கதிரின் அளவு அற்பம், ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று கேட்கிற படிப்பாளிகளும் உண்டு. எல்லோலீஸ் அறிக்கையும் அதைத்தான் சொல்லிற்று. அற்பமான அளவைக் காட்டி அற்பமல்லாத முடிவை மறைப்பது அதிகாரத்தின் பழைய தந்திரம். எவ்வளவு கதிர் என்பது ஒரு கேள்வி. எதற்காக, யாருடைய உத்தரவில், எந்த அளவுகோலை வைத்து, யாருக்குச் சாதகமாக என்பவை வேறு நான்கு கேள்விகள். ஐந்துக்கும் பதில் வந்தால்தான் பரிசோதனை பாதுகாப்பானது.

செய்ய வேண்டியவை

பெற்றோர்களுக்கு முதலில் சொல்கிறோம். பிள்ளை பிறந்து 21 நாளுக்குள் பஞ்சாயத்தில் பதிந்துவிடுங்கள், செலவில்லை. பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பின்னால் சேர்க்கலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அலைச்சல்தான், ஆனால் முடியாத காரியமல்ல. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல்வரை இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், இப்போது பதியாத பிள்ளை நாளைக்கு எந்த வாசலிலும் நிற்க முடியாது. பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு டி.சி. வரட்டும் என்று இராமல், பிறந்த தேதிச் சான்றிதழ் என்றே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டுக் காகிதத்திலும் கேரளக் காகிதத்திலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

பரிசோதனைக்கு அழைத்தால் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். எந்தக் குழு, எந்தத் தேதியில் போட்ட உத்தரவு என்று கேளுங்கள். வேறு காகிதம் இருந்தால் அதை முன்னே வையுங்கள். கையும் மணிக்கட்டும் போதுமா, இடுப்புப் படம் அவசியமா என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஈயக் கவசம் போடச் சொல்லுங்கள். பெண் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு, ஒற்றை எண்ணாக இல்லாமல் இத்தனையிலிருந்து இத்தனைவரை என்று பிழையோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பவை மூன்று. தோட்டங்களில் பதியாமல் விட்டுப்போன பிறப்புகளைப் பதிய, லயத்துக்கே வந்து தமிழில் மனு வாங்கும் முகாம்களை இடுக்கியிலும் பாலக்காட்டு எல்லைப் பகுதியிலும் நடத்த வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவையும் அங்கேயே தர வேண்டும். 9-ஆவது பிரிவின் கடமையைச் செய்யாத தோட்ட நிர்வாகங்களிடம் கணக்குக் கேட்க வேண்டும். மூடிய தோட்டங்களின் ஆஸ்பத்திரி ஏடுகள் மிஞ்சியிருந்தால் அவற்றைப் பஞ்சாயத்து பொறுப்பேற்க வேண்டும். பாதிக்கப்பட்ட சிறுமியின் வயதில் சந்தேகம் வருகிறபோது, அவளுக்குக் காகிதம் கிடைக்காமல் போனதற்கு யார் பொறுப்போ அவர்களின் தவறு அவள் தலையில் விழாதபடி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

சங்கக் கிளைகள் இந்த மாதமே தங்கள் லயங்களில் கணக்கெடுக்கத் தொடங்கட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த இடம், கையில் உள்ள காகிதம், இல்லாத காகிதம் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெண் தோழர்கள் முன்னின்றால் இந்த வேலை சீக்கிரம் முடியும்; எந்தப் பிள்ளை எந்த மழையில் பிறந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த நினைவு அழிவதற்குள் அதை ஏட்டில் ஏற்றிவிட வேண்டும்.